மருந்து போட்ட தட்டு

"தட்டுல பொழைச்சுது மேடம். குழந்தை ஏன் சாகணும்?"

கேட்டவர் அறவாழி. இருபது வருடம் குழந்தைகளுக்கு நுரையீரல் வைத்தியம் பார்த்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாணவராக வந்து சேர்ந்தவர். அவருடைய ஆசிரியர் மெஹருன்னிசா, மாணவரைவிட ஒன்பது வயது இளையவர். கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பஸ் கண்டக்டர் கோதண்டத்தின் முதல் குழந்தை, நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளும் பிறவி நோயில் இறந்தது. அதன் ரத்தத்திலிருந்த செல்களை, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து கடுகளவு நுரையீரல் உருண்டைகளை வளர்த்தெடுக்க அறவாழிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் இரண்டாவதாக ஒரு பெண் பிறந்து, அதே நோயோடு வென்டிலேட்டரில் கிடந்தாள்.

இந்த நோய்க்கு உதவக்கூடும் என்று ஒரு மருந்து இருந்தது. ஈரலைக் கெடுக்கக்கூடியது. உருண்டைகள் வளர்ந்த இரண்டு கண்ணாடித் தட்டுகளில் ஒன்றில் அறவாழி அதைப் போட்டார், இன்னொன்றில் போடவில்லை. மருந்து போட்ட தட்டில் உருண்டைகள் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றன, போடாததில் கறுத்துச் சுருங்கின. அந்த வாரம் ஆசிரியர் ஊரில் இல்லை. அறவாழியே வார்டுக்கு போன் செய்து, கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். மருந்து கொடுத்த ஆறாம் நாள் குழந்தையின் ஈரல் செயலிழந்தது. அன்று காலை குழந்தை இறந்துவிட்டது.

மெஹருன்னிசா கையுறை மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு தட்டையும் எடுங்க."

எடுத்து வைத்தார்.

"மருந்து போட்டதை தினமும் க்ளீன் பண்ணீங்களா?"

"பண்ணேன். செத்த உருண்டையை எடுக்காட்டி மத்ததும் கெட்டுடுமே. எல்லாரும் பண்றதுதானே?"

"போடாத தட்டை?"



"அதுல சத்து நீர் மட்டும் மாத்தினேன். எப்படியும் சாகப்போறதுதானேன்னு விட்டுட்டேன்."

மெஹருன்னிசா மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தார். மருந்து போடாத தட்டிலிருந்து கறுத்துச் சுருங்கிய உருண்டைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி வெளியே போட்டார். ஒரு மணி நேரம் ஆனது. அறவாழிக்கு எரிச்சலாக வந்தது. கீழே வார்டில் குழந்தை பிணமாகக் கிடக்கிறது, இந்த அம்மாள் தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்.

முடித்ததும், தட்டுகளின் மேல் எழுதியிருந்ததை ஸ்பிரிட் தொட்டு அழித்தார். அறவாழியைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"இப்ப பாருங்க. எது மருந்து போட்டது?"

அறவாழி ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். திரும்பவும் முதலாவதைப் பார்த்தார்.

"தெரியல மேடம்."

உறிஞ்சிப் போட்ட கறுத்த உருண்டைகளை மெஹருன்னிசா அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்போ நான் தினமும் எடுத்துப் போட்டது..." என்றார் அறவாழி. "நோயையே எடுத்துப் போட்டிருக்கேன். மிச்சத்தைப் பார்த்து மருந்து கேக்குதுன்னு சொல்லியிருக்கேன்."

கதவு தட்டப்பட்டது. கோதண்டம். காக்கிச் சட்டையோடு நின்றார்.

"பாப்பாவைக் கொண்டுபோறோம் சார். உங்ககிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்." கையைப் பிசைந்தார். "நீங்க சொன்ன அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருக்கணும் சார். ஈரல் கெட்டுடும்னாங்களேன்னு ரெண்டு நாள் பயந்துட்டேன். அந்த ரெண்டு நாள் முன்னாடி மருந்து உள்ள போயிருந்தா எம்பொண்ணு பொழைச்சிருப்பா. நாந்தான் கெடுத்தேன்."

கோதண்டம் கும்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அவர்கிட்ட நான் என்ன சொல்றது மேடம்?"

"தட்டுல நடந்ததை."

"இன்னிக்கேவா?"

"வண்டி வர்றதுக்குள்ள."

"அவருக்கு இதெல்லாம் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க. இருபது வருஷமா பெத்தவங்ககிட்டதானே பேசினீங்க?"



"புரிஞ்சா, சாகுற வரைக்கும் என்னை மன்னிக்கமாட்டார்."

மெஹருன்னிசா கையுறையைக் கழற்றினார்.

"இப்ப அவர் தன்னையே மன்னிக்காம உக்காந்திருக்கார், டாக்டர்."