எது மகாராணியின் கன்று?

கறிக்குக் கன்றுகளை விற்பதற்காகவே மாடு வளர்த்தார் பண்ணை முதலாளியான பண்ணாடி நல்லசேனாபதி. மழை பொய்த்த அந்த வருஷம் வைக்கோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பாதி மாட்டைக் கழித்தாக வேண்டும். பண்ணாடியின் யோசனை சுலபமானது: பெரிய மாடு நிற்கும், சின்ன மாடு சந்தைக்குப் போகும். யானையாட்டம் இருந்த மகாராணி என்ற பசுவுக்கு நெற்றிச்சுட்டி கூடச் செய்து போட்டிருந்தார்.

மகாராணி தின்பதில் பாதிதான் தின்னும், குட்டச்சி என்ற சின்னப் பசு. மாடு மேய்க்கும் மாராத்தாளுக்கு மனசு கேட்கவில்லை.

“குட்டச்சியை மட்டும் விட்டுருங்க பண்ணாடி.”

“குட்டச்சிதான் ஒசத்தின்னு நாளைக்கு வர்ற மாட்டு வியாபாரி முன்னால என் வாயாலயே சொல்ல வை. இல்லாட்டி அதோட நீயும் கிளம்பு!”

மறுநாள் வியாபாரி வந்தார். மாராத்தாள் இரண்டு பசுக்களையும் பட்டிக்குப் பின்னால் கட்டிவிட்டு, ஒரே வாரத்தில் பிறந்த அவற்றின் கன்றுகளைப் பிடித்து வந்தாள். ஒன்று கொழுகொழுவென்று இருந்தது. மற்றது எலும்பும் தோலும்.

“இதுல மகாராணி கன்னு எதுங்க பண்ணாடி?”

கன்றுகளின் பக்கமே எட்டிப் பார்க்காத பண்ணாடி மீசையை முறுக்கினார். “இதென்ன கேள்வி? கொழுத்ததுதான். இதைப் பெத்தவதான் பண்ணையிலேயே ஒசத்தி!”

மாராத்தாள் கயிறுகளை விட்டாள். கொழுத்த கன்று துள்ளி ஓடிக் குட்டச்சியின் மடியை முட்டியது. நோஞ்சான் தள்ளாடிப்போய் மகாராணியிடம் நின்றது. வியாபாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கன்னு தாயை மாத்திக்கிச்சு,” என்றார் பண்ணாடி.

“இருக்கட்டுங்க. அப்பவும் பாதித் தீனி தின்னுட்டு மகாராணி கன்னைக் கொழுக்க வளர்த்தது குட்டச்சிதானுங்களே,” என்றாள் மாராத்தாள், வெகு பணிவாக.

அன்றே மகாராணி சந்தைக்குப் போனாள். நல்ல மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவதாகப் பண்ணாடி இன்றும் சொல்லித் திரிகிறார்.