மூன்று வாய்

"என் அலகு பேசும். வேலை தெரிந்தவனுக்கு எதற்கு மூன்று வாய்?"

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி, விடிந்ததிலிருந்து இதையே ஓர் எழுத்து மாறாமல் நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்க்கிளையில் இருந்த குக்குறுவான் பறவை மூன்று தடவை பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டது. 

சண்டை இதுதான். அந்தக் காட்டில் பொந்து மேஸ்திரி என்று ஒரு பதவி உண்டு. மரப்பொந்தில் குடியிருக்கிற யாரானாலும் மேஸ்திரியைக் கேட்டுத்தான் வீடு பார்ப்பார்கள். எந்த மரம், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று மேஸ்திரி சொல்வதுதான் முடிவு. பழைய மேஸ்திரி கோடையில் இறந்துவிட்டது. புது மேஸ்திரியை, காட்டிலேயே பெரிய பறவைகளான இருவாச்சித் தம்பதி அன்று மாலை ஓடைப் பாறையில் வைத்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பதவிக்கு நின்றவை இரண்டே பறவைகள்: மரங்கொத்தியும் குக்குறுவானும்.

வேலையைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. தன் இனத்தைச் சேராத மூன்று பேரை அழைத்து வர வேண்டும். அவர்கள் பாறையில் ஏறி, "இவரை எனக்குத் தெரியும், இவர் கூப்பிட்டால் வருவேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் மூன்று வாய் என்று பெயர். பதவிக்கு நிற்பவர் இன்னொருவருக்கு வாயாக இருக்க முடியாது.

மரங்கொத்தியின் வேலையைப் பற்றிக் குறை சொல்ல யாராலும் முடியாது. தேக்கோ வேங்கையோ, அது போட்ட பொந்தின் வாய் நிலா மாதிரி வட்டமாக இருக்கும். சிறகு முளைத்த நாளிலிருந்து அதற்கு மேஸ்திரி ஆவதைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை. ஆறு வருஷம், மழை வெயில் பார்க்காமல், மண்டை வலிக்க வலிக்கக் கொத்தியிருக்கிறது. குக்குறுவானுக்கோ உளுத்த மரம்தான் வசப்படும். ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

"அண்ணே, இன்னும் பொழுது இருக்கிறது. நான்கு பேரைப் போய்ப் பாருங்கள்" என்றது குக்குறுவான். "காற்றடித்தால் எந்தக் கிளை முனகும் என்று அணிலக்காவுக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லுவார்கள்."

"உனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கிறாய். எனக்கு எதற்கு?"

குக்குறுவான் அதற்குமேல் நிற்கவில்லை. பறந்து போய்விட்டது.

வெயில் ஏற ஏற மரங்கொத்திக்கு உள்ளுக்குள் கலக்கம் வந்தது. வழக்கம் வழக்கம்தானே, அதை யார் மாற்றுவது? மூன்று வாய்தானே, ஒரு மணி நேர வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பட்டை இடுக்கிலிருந்து கொழுத்த புழுவாக மூன்று எடுத்துக்கொண்டு கிளம்பியது.

முதலில் மலையணில். அடுத்த கிளையிலேயே குடியிருப்பது.

"அணிலக்கா, சௌக்கியமா?" என்று புழுவை முன்னால் வைத்தது மரங்கொத்தி.

அணில் புழுவைப் பார்த்தது. பிறகு மரங்கொத்தியைப் பார்த்தது. "ஆறு வருஷத்தில் இன்றுதான் அக்கா ஆகியிருக்கிறேன்" என்றது. "நான் பழமும் கொட்டையும்தான் தின்பேன், தம்பி. பக்கத்திலேயே இருக்கிறாய், ஒருநாள்கூடப் பார்த்ததில்லையா?"

மரங்கொத்தி அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னது. சாயங்காலம் பாறைக்கு வருவதாக அணில் சொன்னது. வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னது. மரங்கொத்தி அதை ஒரு வாய் என்று எண்ணிக்கொண்டது.

அடுத்தது மைனா. மரங்கொத்தி போட்டுவிட்டு ஒதுக்கிய பழைய பொந்தில்தான் மைனா குஞ்சும் குளுவானுமாகக் குடியிருந்தது. அந்தக் காட்டில் பாதிப் பேர் அப்படித்தான். கிளிக்கு ஒன்று, ஆந்தைக்கு ஒன்று என்று மரங்கொத்தியின் பழைய பொந்துகள் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றின. காசில்லாமல் கிடைத்த சிநேகிதம், வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால். ஆனால் மரங்கொத்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், சொந்தமாக ஒரு பொந்து போட வக்கில்லாத கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்லும்.

"நான் போட்ட பொந்தில்தானே இருக்கிறாய்? எனக்காகப் பேச வேண்டியது உன் கடமை" என்றது இப்போது.

"இருக்கிறோம். நீங்களும் அதை ஒருநாள் விடாமல் சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள்" என்றது மைனா. புழுவை வாங்கிக் கொள்ளவில்லை. "வருகிறோம், போங்கள்."

இரண்டாவது வாய் என்று எண்ணிக்கொண்டது மரங்கொத்தி.

மூன்றாவதாகக் கரிச்சான். உச்சிக்கிளையில் உட்கார்ந்து, வல்லூறு வந்தால் முதல் ஆளாகக் குரல் கொடுப்பது அது. அது கத்தும்போதெல்லாம், கத்தாதே, வேலை கெடுகிறது என்று மரங்கொத்தி கீழிருந்து சீறும். போன மழைக்காலத்தில் கரிச்சான் அடித்தொண்டையில் அலறியதால்தான் வல்லூறின் நகத்தில் மரங்கொத்தியின் வால் இறகு ஒன்று மட்டும் போயிற்று. உயிர் தப்பியது. அன்றைக்கும் அது திரும்பிப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து கொத்த ஆரம்பித்துவிட்டது.

மரங்கொத்தி சொன்னதையெல்லாம் கரிச்சான் முழுக்கக் கேட்டது. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"அந்த வால் இறகு முளைத்துவிட்டதா?"

"ஓ, நன்றாக முளைத்துவிட்டது" என்றது மரங்கொத்தி. எவ்வளவு அக்கறை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, விரல் விட்டு எண்ணாத குறையாக, மூன்று என்று முடித்துக்கொண்டது.

மாலையில் பாறையைச் சுற்றிக் காடே கூடியிருந்தது. அணில் வந்திருந்தது. மைனா குடும்பத்தோடு வந்திருந்தது. கரிச்சானும் ஒரு கொம்பில் அமர்ந்திருந்தது. மூவரையும் பார்த்ததும் மரங்கொத்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூத்தது என்பதால் அதையே முதலில் அழைத்தார்கள்.

ஓடைக் கரையில் விழுந்து கிடந்த வேங்கைக் கட்டையில் அது கொத்த ஆரம்பித்தது.  சிராய் பறந்தது. வெயில் சாய்வதற்குள் கட்டையில் ஒரு பொந்து திறந்தது. விளிம்பில் பிசிறில்லை, உள்ளே ஒரு முடிச்சில்லை. குக்குறுவானே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று தன்னால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது என்று வாய்விட்டுச் சொன்னது.

ஆண் இருவாச்சி பொந்தைச் சுற்றி வந்தது. காட்டில் இதுவரை போட்டதிலேயே இதுதான் சிறந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. பிறகு மூன்று வாய் எங்கே என்று கேட்டது.

மரங்கொத்தி அணிலைப் பார்த்தது. அணில் தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மைனா, குஞ்சு ஒன்றின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தது. கரிச்சான் மட்டும் நேராகவே பார்த்தது, ஆனால் அலகைத் திறக்கவில்லை.

"வருகிறேன் என்றீர்களே!" என்றது மரங்கொத்தி.

"வந்தோமே" என்றது அணில்.

கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். பெண் இருவாச்சி திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அது பாறையின் நுனிக்கு வந்து மரங்கொத்தியின் எதிரில் நின்றது.

"உன் வேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை, மரங்கொத்தி. ஆனால் நான் முட்டையிட உள்ளே போனால் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வேன். அலகு நுழைகிற கீறல்தான் மிச்சம் இருக்கும். என் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். மூன்று மாதம் குஞ்சும் நானும் பறக்கமுடியாமல் கிடப்போம். இவர் பழம் தேடி மலை தாண்டிப் போயிருக்கும் நேரத்தில் பாம்பு ஏறினால், மரம் பிளந்தால், மேஸ்திரிதான் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு யார் ஓடி வருவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் மூன்று வாய் கேட்கிறோம்."

மரங்கொத்தி தலை குனிந்தது. ஆறு வருஷமாக அது ஒரு நாளைக்கு எத்தனை கொத்து என்று எண்ணியிருக்கிறது. பக்கத்துக் கிளையில் யார் சாப்பிட்டார்கள், யார் பட்டினி என்று கண்டதில்லை. தன் பொந்துகளுக்குள்ளே எத்தனை குஞ்சுகள் கண் திறந்தன என்றும் தெரியாது.

குக்குறுவான் பொறுக்கமாட்டாமல் அலகைத் திறந்தது. வழக்கம் நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டது. அதன் வாய் செல்லாது.

கட்டையில் அந்தப் பொந்து திறந்தபடி இருந்தது. மரங்கொத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. காலையில் இருந்த குரல் அதனிடம் இப்போது இல்லை.

"ஒரே ஒருவர் போதும்" என்றது. "என்னைத் தெரியும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

நீதி: வேலை செய்கிற நாளெல்லாம் கூட இருப்பவர்களை மதிக்காதவனுக்கு, உயர வேண்டிய நாளில் அவன் திறமை மட்டுமே போதுமான துணையாகாது.