இருவத்திமூணு புள்ளைக்கு ஒரு ஊஞ்சல்

தவுட்டுக்குளத்து ஆளுக ரொம்ப நல்லவங்க. சொன்னதச் சொன்னபடியே செய்வாங்க. அதான் அந்த ஊரப் பிடிச்ச சனியன்.

அந்த ஊருப் பள்ளிக்கூடத்துல இருவத்திமூணு புள்ளைக, ஒரே டீச்சர், எஸ்தர். ஒருநாள் கல்வி ஆபீசர்கிட்டருந்து கடுதாசி வந்துச்சு. தோட்டத்துல புள்ளைகளே சோளம் வெளைய வச்சு ஒரு படி அளந்து காமிச்சா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஊஞ்சல். புள்ளைகளுக்கு அன்னையிலருந்து அதே பேச்சுதான். கடுதாசி அடியில ஒரு வரி: 'பெரியவங்க சொல்லிக்குடுக்கலாம். கை படக்கூடாது.'

சொல்லிக்குடுக்க மூணு பேரு வந்தாங்க. சங்கையா, அவன் மச்சினன் ஒச்சப்பன், எதுக்கெடுத்தாலும் தலையாட்டுற பொன்னுப்பாண்டி. வந்ததும் மொத வேலையா துண்டால கையப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க. கடைசியா நின்ன பொன்னுப்பாண்டிக்குக் கட்டிவிடக் கையில்ல. பஸ்ஸ நிறுத்தி கண்டக்டர வச்சுக் கட்டுனாங்க. வீட்டுக்குப் போயும் அவுக்கல. மூணு மாசம் பொண்டாட்டிமாருதான் சோறு ஊட்டுனது.

"நாங்க எப்படிச் செய்யிறமோ அப்படியே செய்யணும், என்ன?"ன்னான் சங்கையா. கால் கட்டவிரலால குழி நோண்டி, வாயிலருந்து விதையத் துப்பிக் காமிச்சான். புள்ளைக அப்படியே செஞ்சுச்சுக. மொதல்ல எல்லாம் கையப் பின்னாடி கட்டிக்கிச்சுக. பாதி விதை மண்ணுக்குள்ள போச்சு, பாதி வயித்துக்குள்ள போச்சு. டீச்சர் ஒவ்வொரு முடிச்சா அவுத்துவிட்டதுல அன்னைக்குப் பாடமே நடக்கல.

இருந்தும் பயிரு வந்துருச்சு. மழை பேஞ்சுச்சு, மண்ணு நல்லது. வேற காரணம் இல்ல.

கதிரு பால் பிடிச்சதும் குருவி கூட்டமா எறங்குச்சு. புள்ளைக மூஞ்சி வாடிப்போச்சு. "ஆள் மாதிரி ஒண்ண நடுவுல நிறுத்துங்கண்ணே"ன்னாங்க டீச்சர்.

"மாப்ள, நீ போய் நில்லு"ன்னான் சங்கையா.

"நான் ஆளுல்ல மாமா? ஆள் மாதிரில்ல கேட்டாக," ஒச்சப்பன் கோவிச்சுக்கிட்டான்.

"அதுவும் சரிதான். பொன்னு, நீ ஆளா, ஆள் மாதிரியா?"

பொன்னுப்பாண்டி ரெண்டுக்கும் தலையாட்டுனான். "எம் மாமியா 'நீயெல்லாம் ஒரு மனுசனா'ன்னுதான் கேக்குது."

"யாராச்சும் மறுத்துப் பேசுனாங்களா?"

"இல்லயே."

"அப்ப நீதான்."

நின்னான். குருவி அவன் தலையில உக்காந்து களைப்பாறிட்டுப் போய்த் தின்னுச்சு. கடைசில டீச்சர் புள்ளைகளத் தகரம் தட்டச் சொல்லித்தான் மிச்சக் கதிரு தப்புச்சு.

விடிஞ்சா ஆபீசர் வாராரு. சோளம் ஒண்ணரை ஆள் ஒசரம் நிக்கிது. புள்ளைக குதிச்சுக் குதிச்சுப் பாத்துச்சுக, எட்டல.

"புள்ளைக வளரட்டும் மாமா. ஒரு எட்டு வருசம்"ன்னான் ஒச்சப்பன்.

"அதுவரைக்கும் ஆபீசர் இருப்பாரா?"

"டீ வாங்கிக் குடுப்போம்."

ஒண்ணாங்கிளாஸ் வேம்பரசிக்குப் பொறுக்கல. "சித்தப்பா, குனி!"ன்னு அதட்டுனா. ஒச்சப்பன் குனிஞ்சான். தோள்ல ஏறி உக்காந்தா. அவன் குனிஞ்சே நிக்கிறான், நிமிரச் சொல்லலையே! "நிமிரு சித்தப்பா!"ன்னு காதத் திருகுனா. கதிரு கைக்கு எட்டுச்சு. மத்த ரெண்டு பேரு தோள்லயும் புள்ளைக மாத்தி மாத்தி ஏறுச்சுக.

மறுநாள் ஒரு படி, தலைதட்டி அளந்தாச்சு. ஆபீசர் மனசு குளுந்து ஊஞ்சலக் குடுத்துட்டுப் போனாரு. மூணு பேருக்கும் கைக்கட்டு அவுந்துச்சு. மூணு மாசமாச் சும்மா கெடந்த கை, நமநமங்குது.

அடுத்தநாள் காலையில புள்ளைக ஓடிவந்தா, ஊஞ்சலக் காணோம். மூணு பேரும் தோட்டத்துல கொடம் கொடமாத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

"ஊஞ்சல் எங்கண்ணே?"ன்னாங்க டீச்சர்.

"ஒண்ணே ஒண்ணு இத்தன புள்ளைக்கு எப்படிப் பத்தும் டீச்சர்?" சங்கையா நெத்தி வேர்வையத் தொடச்சான். "அதான் ஊனிட்டோம். மூணு மாசம் பொறுங்க, ஆளுக்கொண்ணு."

புள்ளைக ஓன்னு அழுதுச்சுக. பொன்னுப்பாண்டி பாவப்பட்டு இன்னும் நாலு கொடம் சேத்து ஊத்துனான். மண்ணு கரைஞ்சு, ஊஞ்சலோட ரெண்டு சங்கிலி நுனி வெளிய எட்டிப் பாத்துச்சு.

சங்கையா பாஞ்சு வந்து புள்ளைகள மறிச்சான்.

"யாரும் மிதிச்சுராதீக! டீச்சர், ரெட்டை முளை விட்டுருச்சு! நல்ல சாதி விதை டீச்சர், ஆடுகூடக் கடிக்காது!"