தொட்டி இல்லாத கோயில்

"எல்லாம் தயாரா இருக்கு சாமி. ஒங்க சம்மதம் மட்டுந்தான் இல்ல" என்றார் கித்தேரியான்.

அவருக்கு எழுபது வயது. மில் தொழிலாளர் சங்கத்தில் காலமெல்லாம் கொடி பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு செபமாலை பிடித்தார். கொடியை இறக்கினாரே தவிர குரலை இறக்கவில்லை. பங்குச் சாமியார் ரெமிஜியுஸுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் கித்தேரியான் காலையும் மாலையும் அவரிடம், "இதுக்கு என்ன சொல்லுதீங்க, அதுக்கு என்ன சொல்லுதீங்க" என்று வந்து நிற்பார். கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதிலைக் காதில் போட்டுக்கொள்வது வேறு சங்கதி.

ஊருக்கு வெளியே செம்மணல் தேரிக்காட்டில் ஒரு புது ஊர் கட்ட வேண்டும், அதற்கு விண்ணரசு நகர் என்று பெயர் வைக்க வேண்டும். இதுதான் அவர் ஆசை. சில குடும்பங்கள் வரத் தயார். ஆனால் சாமியார் வந்து முதல் கல்லை வைத்தால்தான் மூட்டை கட்டுவோம் என்று ஒரே பிடியாக நின்றார்கள். மனிதர் தூக்கமே இல்லாமல் தவித்தார்.

கோயில் முற்றத்து மணலில் குச்சியால் கோடு இழுத்துக் காட்டினார்.

"இதெல்லாம் வீடு. ஒரு வீட்டுக்கும் பூட்டு கெடையாது."

"சரி."

"இது பொதுச் சமையக்கட்டு. தலைவர் கெடையாது, காவக்காரர் கெடையாது. ஆதித் திருச்சபையில எல்லாம் பொதுவாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"இது கோயில்."

சாமியார் குனிந்து பார்த்தார்.

"பீடம் இருக்கு. மணிக்கூண்டு இருக்கு. தொட்டி எங்க அண்ணாச்சி?"

பாவசங்கீர்த்தனத் தொட்டியைத்தான் கேட்டார். செய்த பாவத்தைக் குருவிடம் சொல்ல மண்டியிடுகிற மரக்கூண்டு அது.

கித்தேரியானுக்குச் சிரிப்பு வந்தது.

"அது எதுக்கு சாமி? மனுசன் கையில இல்லாமத்தான் திருடுதான். ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் கொறைய இருக்கப்போயித்தான் அடிச்சுக்கிடுதான். எல்லாத்தையும் சமமாக்கிட்டா, பாவத்துக்கு அங்க என்ன சோலி?"

சாமியார் நிமிர்ந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் நீளக் கரண்டி ஒன்று இருந்தது.

"நாளைக்குத் திருவிழா அசனம். ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடும். கறிக்கொழம்பு நீங்க ஊத்துங்க. சாயங்காலம் வந்து கல்லு வைக்கேன்."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

மறுநாள் கித்தேரியானைப் பிடிக்க முடியவில்லை. படகு முதலாளியும் மீன் சுமக்கிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். யார் எவர் என்று பாராமல் இலைக்கு ரெண்டு கறி, ஒரு கிழங்கு என்று போட்டுக்கொண்டே போனார். விண்ணரசு நகர் இன்றைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த இலையில் சந்தியாகு உட்கார்ந்திருந்தார்.

பெரிய வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் எல்லோரும் வெயிலில் காய, பின்வாசல் வழியாக உள்ளே போய் வேலை பார்த்த கருங்காலி. அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றதுதான்.

கரண்டி வாளிக்குள் போனது. அடிவரை போகவில்லை. மேலாக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெறும் குழம்போடு வந்து இலையில் கவிழ்ந்தது.

சந்தியாகு இலையைப் பார்த்தார். அப்புறம் கித்தேரியானைப் பார்த்தார்.

"கொழம்பு நல்லாருக்கு வே" என்று சொல்லிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

கித்தேரியானுக்குக் காது சுட்டது. கை தவறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பெரிய நல்லி எலும்பு ஒன்றைக் காலையிலேயே கிண்ணத்தில் எடுத்து, இலையால் மூடி, விறகுக்குப் பின்னால் தனக்கென்று வைத்திருந்தார். ஊற்றுகிறவனுக்கு இதுகூட இல்லையா என்று அதற்கு நியாயமும் வைத்திருந்தார். அதையாவது சந்தியாகு இலையில் போடுவோம் என்று சமையல் கொட்டகைக்கு ஓடினார்.

கிண்ணம் காலி.

களவாண்டதைக் களவு கொடுத்துவிட்டு யாரிடம் போய் முறையிடுவது? வெறுங்கையோடு வந்து சந்தியாகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒமக்குக் கறி வைக்கல வே."

"தெரியும்."

"வேணும்னேதான் வைக்கல."

"அதுவுந் தெரியும்." சந்தியாகு இலையை மடித்தார். "புள்ளைக்குக் காய்ச்சல், அதான் வேலைக்குப் போனேன்னு அப்ப சொன்னேம்லா. காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல வே. பயந்துட்டேன்."

ரெண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கித்தேரியானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் சாமியார் தீர்த்தச் செம்போடு முற்றத்தில் நின்றார்.

"பொறப்படுவமா அண்ணாச்சி?"

"படத்துல ஒரு திருத்தம் இருக்கு சாமி."

நேற்றுப் போட்ட கோடுகளை ஊரே மிதித்து அழித்திருந்தது. கித்தேரியான் மறுபடி கோயிலை வரைந்தார். அதன் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டார்.

"யாருக்கு?"

"இப்போதைக்கு எனக்கு. சந்தியாகும் அங்க குடிவாராராம். அவருக்கும் வேண்டியிருக்கும்."

சாமியார் குச்சியை வாங்கி, அந்தக் கட்டத்தைச் சுற்றி இன்னும் பெரிதாக ஒன்று போட்டார்.

"எதுக்கு சாமி இம்புட்டு அகலம்?"

சாமியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெறகுக்குப் பின்னால யாரோ ஒரு நல்லி எலும்ப மூடி வச்சிருந்தாங்க அண்ணாச்சி. நல்லா வெந்திருந்துச்சு."