ராஜா கூப்பிடாத சூரியன்

முன்னொரு காலத்தில், கடல் தாண்டிப் பனி தாண்டிப் போனால் ஒரு சீமை இருந்தது. அந்தச் சீமையில் சூரியன் தானாக உதிப்பதில்லை. ராஜா லோதார் இருட்டோடு எழுந்து, கிழக்கு ஜன்னலின் திரையை விலக்கி, "வா" என்பார். அப்புறம்தான் சூரியன் வரும். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். காய்ச்சலோ குளிரோ, ராஜா ஒரு நாளும் படுத்துக்கிடந்தது கிடையாது. ராணி இறந்த மறுநாள்கூட எழுந்து, "வா" என்று சொல்லிவிட்டுத்தான் அழப் போனார். மேகம் மூடிய நாட்களில், 'நான் சரியாகக் கூப்பிடவில்லையோ' என்று சாப்பிடாமல் இருப்பார்.

அவரை எழுப்புவதற்கென்றே ஒரு மந்திரி. பெயர் ரெய்னோல்ட், பட்டம் விடியல் மந்திரி. ராஜாவின் காதில் விழும் முதல் வார்த்தை அவருடையது. யாருக்குப் பதவி, யாருக்குச் சிறை என்பதெல்லாம் அந்த வார்த்தையிலேயே முடிந்துவிடும். யாராவது எதிர்த்துப் பேசினால், "சூரியனையே எழுப்புகிறவரை நீ கேள்வி கேட்பாயா?" என்பார். அதற்குமேல் யார் பேசுவார்கள்?

இப்படி இருக்கையில் கஸ்பார் என்கிற வான சாஸ்திரி, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சந்தையில் கொண்டுவந்து நிறுத்தினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "சூரியன் எங்கேயும் போகவும் இல்லை, வரவும் இல்லை. பூமிதான் சுழல்கிறது. யார் கூப்பிட்டாலும் சுழலும், கூப்பிடாவிட்டாலும் சுழலும்" என்றார்.

"அப்போ ராஜா எதுக்குங்க அந்தக் குளிர்ல எழுந்திருக்கணும்?" என்றாள் ஒரு ரொட்டிக்காரி.

"அதை ராஜாவைத்தானம்மா கேக்கணும்."

சாயங்காலத்துக்குள் கஸ்பார் சிறையில் இருந்தார். குழாயையும் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் சபையில் ரெய்னோல்ட் எழுந்து நின்றார்.

"மகாராஜா, சூரியன் தங்களுக்குக் கட்டுப்படவில்லை என்று இன்றைக்கு ஒருவன் சொல்கிறான். அப்படியென்றால் நாங்கள் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று நாளைக்கு ஊரே கேட்கும். அவனைத் தூக்கில் போட உத்தரவிட வேண்டும்."

"அவனை விசாரித்தீர்களா?"

"இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, மகாராஜா?"

சபையில் விகடம் பேசுவது கிரீத்தாவின் வேலை. அரியணைப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தவள், வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷர் சொல்வது பொய்யென்றால் தூக்கில் போடுங்கள், மகாராஜா. நிஜமாக இருந்துவிட்டால்? செத்தவரை இறக்கிவைத்து மன்னிப்புக் கேட்க முடியாதே!" என்றாள்.

அவள் பேச்சுக்கு ராஜா சிரிப்பது மந்திரிகளுக்கு என்றைக்குமே பிடிக்காது. ரெய்னோல்ட் அவள் பேச்சைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அது நிஜமென்று இவளே நிரூபிக்கட்டும். தோற்றால் கஸ்பாரோடு இவளுக்கும் தூக்கு."

"ஆமாம், அதுதான் சரி!" என்றார்கள் மற்றவர்கள் ஒரே குரலில்.

அன்றைக்கு ராஜாவும் சிரிக்கவில்லை. "கிரீத்தா, அந்தக் குழாயைத் தொடக் கூடாது. புத்தகத்தைத் திறக்கக் கூடாது. ஒரு விரலைக்கூட அசைக்காமல் நிரூபிக்க வேண்டும். முடியுமா?"

"முடியும், மகாராஜா. நான் ஒரு விரலையும் அசைக்க மாட்டேன். தாங்களும் அசைக்கக் கூடாது."

"என்ன சொல்கிறாய்?"

"நாளைக் காலையில் எழுந்திருக்காதீர்கள். கூப்பிடாதீர்கள். சூரியன் வராவிட்டால் எங்கள் இருவரையும் தூக்கில் போடுங்கள்."

சபையில் ஒரே கூச்சல். "ஊர் இருண்டுவிடுமே! பயிர் பச்சை என்ன ஆகும்?" என்றார் ஒருவர்.

"இருட்டாகவே இருந்தால் ராஜா எழுந்து கூப்பிடட்டும். அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக விடியும், அவ்வளவுதானே!"

ராஜா திரும்பிப் பார்த்தார். "ஏன் ரெய்னோல்ட், முகம் வெளுக்கிறது? நான் கூப்பிடாமல் சூரியன் வராது என்பதில் உமக்குச் சந்தேகமா?"

"இ... இல்லை, மகாராஜா."

மறுநாள் கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ராஜாவின் அறை வாசலில், வெறும் கல் தரையில் கிரீத்தா உட்கார்ந்திருந்தாள். ரெய்னோல்ட் வேகமாக வந்தார்.

"வழி விடு. ராஜாவை எழுப்பணும்."

"எதுக்குங்க? எழுப்பலைன்னா சூரியன் வராதுன்னு பயமா? இல்ல, வந்துடும்னு பயமா?"

மந்திரி கதவை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"முதல் பயம்னா தாராளமா உள்ள போங்க. ரெண்டாவது பயம்னா இப்படி உக்காருங்க. சேர்ந்தே பயப்படலாம். எனக்கும் கழுத்துன்னு ஒண்ணு இருக்கு."

ரெய்னோல்ட் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே ராஜா விழித்துத்தான் இருந்தார். பழக்கம் விடுமா? "வா" என்ற சொல் உதடு வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். எங்கேயோ சேவல் கூவிற்று. 'இதற்கு யார் சொன்னார்கள்?' என்று நினைத்தார். தெருவில் ரொட்டிக் கடை திறக்கும் சத்தம் கேட்டது. திரையின் ஓரம் சாம்பல் நிறமாகி, பிறகு மஞ்சளாயிற்று. வெளிச்சம் கோடு போல உள்ளே வந்து, கட்டில் காலைத் தொட்டு, போர்வை மேல் ஏறி, அவர் கைமேல் வந்து நின்றது.

முதலில் கோபம் வந்தது. கூப்பிடாமல் உள்ளே நுழைந்த வேலைக்காரனைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். அப்புறம், 'ராணி போன மறுநாள் நான் இன்னும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கலாமே' என்று தோன்றிற்று. சத்தம் வராமல் அழுதார். அழுது முடித்துப் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். வாசலில் இருந்த இருவருக்கும் குறட்டை கேட்டது.

உச்சிவெயில் நேரத்தில் ராஜா படுக்கை உடுப்போடு வெளியே வந்தார். ரெய்னோல்ட் காலில் விழுந்தார்.

"மகாராஜா, இது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. நாளையிலிருந்து பழையபடியே..."

"எனக்குத் தெரிந்துவிட்டதே, ரெய்னோல்ட்." ராஜா கிரீத்தா பக்கம் திரும்பினார். "சூரியனுக்கு நான் வேண்டாம். அப்படியென்றால் நான் எதற்கு?"

கிரீத்தாவுக்கு அன்றைக்கு விகடம் வரவில்லை. "சூரியன் தானாக வந்துவிடும், மகாராஜா. கீழே சிறையில் ஒரு மனுஷர் இருக்கிறார். அந்தக் கதவு தானாகத் திறக்காது."

ராஜா உடுப்பு மாற்றக்கூட நிற்காமல் படியிறங்கினார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். கூட்டத்தைக் கண்டதும் கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தூக்குக்குத்தான் அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். "நான் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன், மகாராஜா" என்றார்.

"மாற்ற வேண்டாம். ஒரு சந்தேகம் கேட்கவே வந்தேன். பூமி சுழல்கிறது என்கிறீர். காலையிலிருந்து படுத்தே கிடந்தேன். கட்டிலிலிருந்து நான் ஏன் உருண்டு விழவில்லை?"

கஸ்பார் வெகுநேரம் யோசித்தார். கிரீத்தாவின் கை அவளையறியாமல் கழுத்துக்குப் போயிற்று.

"அது எனக்கு இன்னும் தெரியாது, மகாராஜா."

"கேட்டீர்களா! தெரியாதாம்!" என்று ரெய்னோல்ட் குதித்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், சிரித்தார், சிறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என் சபையில் எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள்! தெரியாது என்று ஒருவராவது சொன்னது உண்டா? இவரைத் தூக்கில் போட்டுவிட்டு, உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

அங்கேயே உத்தரவு பிறந்தது. விசாரிக்காமல் யாருக்கும் தண்டனை கிடையாது, ராஜாவே சொன்னாலும் கிடையாது. தம் தங்கச் சங்கிலியைக் கழற்றிக் கிரீத்தாவின் கையில் கொடுத்த ராஜா, கதவைத் தாமே திறந்தார்.

வெளியே வந்த கஸ்பார் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு விடை தேடிப் பார்ப்பேன், மகாராஜா. நாள் ஆகும்" என்றார்.

"தேடும், தேடும். கண்டுபிடித்ததும் வந்து சொல்லும்" என்றார் ராஜா, இன்னும் சிரித்தபடி. "ஆனால் விடிந்ததும் வந்து கதவைத் தட்டாதீர். நான் தூங்கிக்கொண்டிருப்பேன்."