ஓணான் ஆட்டிய தலை

ஆற்றின் இக்கரைக் காட்டில் ஒரு கபடிக் குழு இருந்தது. அக்கரைக் காட்டிலும் ஒன்று இருந்தது. மழைக்கு முன்னால் இரண்டு குழுக்களும் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வது வழக்கம். போகிறவர் அடுத்த மழை வரை திரும்பக் கூடாது. யார் போவது என்பதைக் குழுத் தலைவர் கரடிதான் முடிவு செய்யும். அந்த நாள் நெருங்கினால் இக்கரையில் யாருக்கும் தூக்கம் வராது.

நெட்டைக்காதன் என்ற முயலுக்குப் புல்லே தொண்டையில் இறங்கவில்லை. பாடிப் போனால் ஒருவரையாவது தொட்டுவிட்டு வரும் கெட்டிக்காரன்தான் அவன். ஆனால் வீட்டில் பால் மறக்காத குட்டிகள். நரி வந்தால் மனைவி தனியாக என்ன செய்வாள்?

வேலியோரக் கள்ளியில் ஓர் ஓணான் இருந்தது. யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று அதற்குத் தெரியும் என்று காடு முழுக்கப் பேச்சு. காட்டுப்பன்றி போய், "என்னைய வச்சுக்குவாங்களா?" என்று கேட்டது. ஓணான் தலையாட்டியது. முள்ளம்பன்றியும் அதையே கேட்டது. அதற்கும் ஆட்டியது. இரண்டும் துள்ளிக்கொண்டு திரும்பின.

நெட்டைக்காதனும் போனான். பயந்துகொண்டே கேட்டான்.

"என்னைய அனுப்பிடுவாங்களா?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"நெசமாவா? முடிவே பண்ணிட்டாங்களா?"

இன்னும் வேகமாக ஆட்டியது. அவன் வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னான்.

"உங்கள விட்டா பாடிப் போக ஆள் ஏது? கரடியண்ணன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

"கேட்டு என்ன ஆகப்போவுது? ஓணானே சொல்லிருச்சு."

மறுநாள் கடைசிப் பயிற்சி ஆட்டம். கரடி கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நெட்டைக்காதன் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு உள்ளே போனான். எதிரே காட்டுப்பன்றி மூச்சு வாங்க நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். 'போகப்போறவனுக்கு எதுக்கு இந்தப் பாடு?' என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், பாட்டு அறுந்தது. எல்லாரும் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். அடுத்த முறை கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவே இல்லை.

கரடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள்.

"நெட்டைக்காதன் போகட்டும்" என்றது கரடி.

"எனக்கு முன்னாடியே தெரியும்ணே. ஓணான் சொல்லுச்சு."

"ஓணானா? இன்னிக்கு ஆட்டம் முடியிற வரைக்கும் எனக்கே தெரியாதேப்பா! பன்னியத்தான் அனுப்புறதா இருந்தேன். நீதான் ஆட்டத்தையே விட்டுட்டியே."



விடிந்ததும் நெட்டைக்காதன் ஆற்றுக்குக் கிளம்பினான். வழியில் கள்ளியருகே நின்றான்.

"என்னைய வச்சுக்கத்தான் இருந்தாங்களா?"

ஓணான் தலையாட்டியது.

"அப்போ நீ சொன்னது பொய்யா?"

அதற்கும் ஆட்டியது.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அதற்கும் அதே தலை, அதே ஆட்டம். பின்னால் குட்டிகள் கத்துவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவனுக்குத் தெரியும். பார்க்காமலே தண்ணீரில் இறங்கினான்.

முடிவெடுப்பவரை விட்டுவிட்டுத் தலையாட்டுபவரிடம் போய்க் கேட்பவன், தன் பயத்தையே பதிலாக வாங்கிக்கொண்டு வருவான்.