பழுத்த இலை நாலு, பச்சை இலை இரண்டு

"வழக்கு வந்தால் முதலில் கொஞ்சம் தேன் குடி" என்றாரா, "குடிக்காதே" என்றாரா? தாய்மாமன் சொன்னதில் பாதிதான் கரடியாருக்கு ஞாபகம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த மலைக்காட்டின் நாட்டாமையாகப் பாறைமேல் உட்கார்ந்தார்.

முதலில் வந்தது மந்தி. வீடு வீடாகப் போய் விசாரிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

"நாட்டாமை, ஆறு குடும்பங்களைக் கேட்டுவிட்டேன். இருவாச்சிப் பறவையின் மரத்தடியில் மூன்று குடும்பம். மூன்றிலும் இந்த மாதம் சண்டை. ஓடைப்பக்கம் மூன்று குடும்பம், ஒன்றில்தான் சண்டை. எல்லாம் அந்தப் பறவையின் சிறகுச் சத்தத்தால்தான். துரத்துங்கள்!"

இருவாச்சி பதறியது. "ஐயா, என் வீட்டுக்காரி பொந்து வாசலை அடைத்துக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் பழம் ஊட்டுகிறேன். என்னைத் துரத்தினால் அவள் கதி?"

கரடியார் தலையைச் சொறிந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மந்தியின் கணக்கிலும் பிழை தெரியவில்லையே!

கிளையிலிருந்து மலை அணில் குதித்தது. எதையும் விளையாடிப் பார்த்தால்தான் அதற்குத் திருப்தி.

"மாமா, சண்டை போட்ட வீட்டுக்குப் பழுத்த இலை, போடாத வீட்டுக்குப் பச்சை இலை. ஆக நாலு பழுத்தது, இரண்டு பச்சை. கண்ணை மூடிக் கலக்குங்கள். கைக்கு வரும் முதல் மூன்று மரத்தடிக்கு, மிச்சம் ஓடைக்கு."

கரடியார் கலக்கினார். மரத்தடியில் ஒரு பச்சை விழுந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை மரத்தடியில் மூன்றும் பழுத்த இலை!

"ஹை! என் கணக்கேதான்!" மந்தி கைதட்டி ஆடியது.

"அக்கா, இருவாச்சியின் சத்தம் இலைக்குக் கேட்குமா?" என்றது அணில்.

"இலைக்கு ஏது காது?"

"அப்புறம் சண்டையெல்லாம் எப்படி மரத்தடியில் போய்ச் சேர்ந்தது?"

மந்தியின் ஆட்டம் பாதியில் நின்றது.

கரடியாருக்கோ விளையாட்டு பிடித்துவிட்டது. இருபது முறை கலக்கினார். காடே கூடி நின்று கூச்சலிட்டு எண்ணியது. ஐந்து முறை அதே கணக்கு!

"சும்மா கலக்கினதற்கே இத்தனை முறையா!" கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "நூறில் ஒரு முறைதான் வந்திருந்தால் நானும் இருவாச்சியைச் சந்தேகப்பட்டிருப்பேன்."

"என் வழக்குக்கு நானே எதிர்சாட்சி ஆகிவிட்டேனே!" என்று மந்தியும் சிரித்தது.

இருவாச்சி தன் மரத்திலேயே இருக்கலாம், மந்தி இன்னும் அறுபது குடும்பங்களைக் கேட்டுவந்த பிறகுதான் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம் என்று கரடியார் தீர்ப்புச் சொன்னார்.

நீதி: இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தால், தற்செயலாகவும் அப்படி வருமா என்று சோதித்த பிறகே ஒன்றின்மேல் பழி போட வேண்டும்.